தடுத்தாட்கொண்ட திருக்கரம்



பெருவிழா என்பது ஊர் முழுவதும் ஒருங்கே கூடும் காலம். தேர் வடத்தைப் பற்றி நிற்கும் கைகளுள் முதியோர் கையும் உண்டு. பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் இளையோர் கையும் உண்டு. இத்தகைய மங்கலப் பொழுதில் தற்கொலை என்னும் சொல்லை எடுத்துப் பேசுதல் தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். தகும் என்பதே நம் துணிபு. வீட்டில் வாய்விட்டுச் சொல்ல அஞ்சும் துயரத்தை இறைவன் திருமுன்னர் எடுத்துரைத்தல் சைவ மரபுக்குப் புதிதன்று. நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருப்பெருந்துறையில் மணிவாசகப் பெருமான் அருளிய பதிகங்களுள் ஒன்றன் பெயரே 'செத்திலாப்பத்து' என்பதாகும். அப்பதிகம் பிறந்த வரலாற்றைப் பின்னர்க் காண்போம்.

முதற்கண் இன்றைய நிலையை நோக்குதல் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டில் இவ்வாறு மறைந்தோர் 19,834 பேர். மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம் நம் மாநிலத்துடையது. நாடு முழுவதும் மறைந்தோருள் 13,044 பேர் மாணாக்கர். உலகளவில் 15 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக் காரணங்களுள் இது மூன்றாவதாக நிற்கிறது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்குரிய கணக்கில் கூறுகிறது. இவை வெறும் எண்கள் அல்ல. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் ஒரு தாய் இருக்கிறாள்; மூடிய புத்தகம் ஒன்று இருக்கிறது; திண்ணையில் சொல்லிழந்து அமர்ந்த தந்தை ஒருவர் இருக்கிறார்.

சமயப்பற்று இவ்விளையோரைக் காக்குமா? காக்குமெனில் எவ்வாறு காக்கும்? இதுவே நாம் வரலாற்றின் துணைகொண்டு ஆராயவேண்டிய வினா.

அச்சம் காத்ததா?

உயிரைத் தானே மாய்த்தல் பெரும்பாவம் என்றும், அவ்வாறு இறந்தோர் நற்கதி அடையார் என்றும் சொல்லி அச்சுறுத்தினால் இளையோர் அஞ்சி விலகுவர் என்பது பலர் கருத்து. உலகம் இவ்வழியை நெடுங்காலம் முயன்று பார்த்தது. இங்கிலாந்தில் 1823-ஆம் ஆண்டு வரை, இவ்வாறு இறந்தோரை இடுகாட்டில் புதைக்க விடாமல் நாற்சந்தியில் புதைக்கும் வழக்கம் இருந்தது. 1870 வரை அவர்தம் பொருளை அரசு பறிக்கச் சட்டம் இடம் தந்தது. 1961-இல்தான் அச்செயல் அங்குக் குற்றமெனக் கருதப்படும் நிலை நீங்கியது. நம் நாட்டிலும் மனுநூல் அத்தகையோர்க்கு நீர்க்கடன் செய்தலை மறுத்தது. ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, முயன்று பிழைத்தவரைச் சிறையிலிடலாம் என்றது. சாவின் வாயிலிலிருந்து மீண்டவனை வரவேற்க, மருத்துவரோடு காவலரும் வந்து நின்ற காலம் அது.

இவ்வச்சத்தால் துயரம் குறைந்ததா? குறையவில்லை. தாங்கொணாத் துன்பத்தில் அழுந்திய உள்ளம் தண்டனையைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அச்சம் செய்த செயல் ஒன்றே: துன்புற்றவர் தம் எண்ணத்தை வெளியிட அஞ்சினர், குடும்பத்தார் நிகழ்ந்ததை மறைத்தனர். இதனையுணர்ந்தே 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிர்விட முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளப்படவேண்டும் என்றும், அவர்க்கு மருத்துவமும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடன் என்றும் விதித்தது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவு இடம்பெறவில்லை.

எனின், சமயத்தால் பயனில்லையோ? உண்டு. பிரெஞ்சு நாட்டு அறிஞர் எமில் துர்கேம் 1897-இல் தற்கொலை பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். கிறித்தவ சமயத்தின் இருபெரும் பிரிவுகளும் அச்செயலை ஒன்றுபோலவே கண்டித்தன. ஆயினும் கத்தோலிக்கரிடையே அது குறைவாகவும் சீர்திருத்தச் சபையாரிடையே மிகுதியாகவும் இருக்கக் கண்டார் அவர். தடையுரை ஒன்றே, விளைவு வேறு. ஆகவே காப்பது தடையுரை அன்று, மக்களை ஒருவரோடொருவர் பிணைக்கும் வழிபாட்டுக் கூட்டுறவே என்பது அவர் முடிபு. அவர்தம் கணக்குகள் சிலவற்றைப் பின்வந்த அறிஞர்கள் மறுத்ததுண்டு. அம்முடிபின் சாரம் இன்றும் ஆராயப்பட்டு வருகிறது. சென்னையில் சினேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பை 1986-இல் நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தம் ஆய்வுகளில், அவ்வாறு மறைந்தோரிடம் இறைநம்பிக்கை குன்றியிருந்ததையும், அவர்கள் வழிபாட்டிடங்களுக்குச் செல்வது அருகியிருந்ததையும் எடுத்துக்காட்டியுள்ளார். மனநோயும் அண்மையில் நேர்ந்த பேரிழப்புமே பெருங்காரணங்கள் என்பதையும் அவ்வாய்வுகள் கூறுகின்றன. எனவே பக்தி ஒன்றே மருந்து என்று சொல்லுதல் பொருந்தாது. பக்தியுடையோர்க்கும் மனநோய் வரும். காய்ச்சல் வருவது போலவே அதுவும் வரும். பக்தி தருவது பிறிதொன்று: பற்றிக்கொள்ள ஒரு கை.

இதனை நம் சைவ வரலாறு எவ்வாறு காட்டுகிறது என்பதை இனிக் காண்போம்.

உடலைப் பற்றிய சைவர் நோக்கு

புதுக்கோட்டைக்கு அணித்தேயுள்ள சித்தன்னவாசலை அன்பர்கள் அறிவர். அக்குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் பாறையை இழைத்துச் செதுக்கிய படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றன் அருகே கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்துத் தமிழ்ப் பிராமி எழுத்துக் காணப்படுகிறது. சமண முனிவர்கள் தவமிருந்த இடம் அது. முதுமையுற்றோ தீரா நோயுற்றோ வாழ்வின் எல்லையை அடைந்த துறவியர், தம் ஆசிரியர் இசைவுடன் உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்து உடலைத் துறக்கும் சல்லேகனை என்னும் நோன்பு அச்சமயத்தில் இருந்தது. அது முற்றத் துறந்தோர்க்குரிய நோன்பு; மனமுடைந்த இளைஞன் ஒருவன் ஒரு பொழுதில் கொள்ளும் முடிவோடு அதனை ஒப்பிடுதல் சமணர்க்கும் நீதியன்று, அவ்விளைஞனுக்கும் நன்மையன்று.

சைவம் இவ்வகையில் வேறு வழி சென்றது. உடம்பை இழுக்கென்று முன்னர் எண்ணியிருந்ததையும், அதனுள்ளே உறுபொருளைக் கண்டபின் அதனைப் போற்றத் தொடங்கியதையும் திருமூலர் திருமந்திரத்தில் தம் அனுபவமாகவே உரைத்தருளினார். உயிர் மலப்பிணிப்பு நீங்கி இறைவனை அடைவதற்கு இறைவனே இரங்கித் தந்த கருவி இவ்வுடம்பு என்பது சித்தாந்தத் துணிபு. நெசவு முடியுமுன் தறியை உடைப்பார் உண்டோ? கருவியைத் தந்தவனே அதனை வாங்கிக்கொள்ளும் உரிமையுடையவன்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் கூடாது. பெரியபுராணத்தில் அடியார்கள் தம் கழுத்தையும் கண்ணையும் ஈய முற்பட்ட செய்திகள் உள்ளன. இளையோர் அவற்றைப் படித்து, உயிரை விடுதலே பக்தியின் உச்சமென மயங்குதல் கூடும். அச்செய்திகள் எங்ஙனம் முடிகின்றன என்பதை உற்று நோக்குமின். அரிவாட்டாய நாயனார் அரிவாளை ஊட்டியபோது, நிலத்து வெடிப்பினின்று இறைவன் கை வெளிவந்து அவர் கையைப் பற்றியது. காஞ்சியில் திருக்குறிப்புத் தொண்டர் தம் தலையைப் பாறையில் மோத முற்பட்டபோது, அப்பாறையினின்று எழுந்த கை அவரைத் தாங்கியது. காளத்தியில் கண்ணப்பர் தம் இரண்டாம் கண்ணைத் தொட்டபோதும் அவ்வாறே திருக்கரம் நீண்டு நிறுத்தியது. சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் இவ்வரலாறுகளைப் பாடியபோது, இவ்விடங்களிலெல்லாம் ஒரே முடிவைக் காட்டினார். அடியவன் சாவதில் இறைவன் மகிழவில்லை. 'நில்' என்று தடுப்பதிலேயே மகிழ்ந்தான்.

தம்பியின் பொருட்டு நின்ற தமக்கையார்

இனி, மனமுடைந்த இளமையின் வரலாறு ஒன்று. திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாய்ப் பிறந்தவர் திலகவதியார். பன்னிரண்டு வயதளவில் அவரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவர்க்கு மணம் பேசினர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் போர்க்களம் சென்றார். அந்நாளில் தந்தையார் மறைந்தார். தாயார் கணவரோடு உடன் மாய்ந்தார். இரு குழந்தைகள் தனித்து நின்றனர். அத்துயர் ஆறுமுன்னரே, போரில் கலிப்பகையார் உயிர் துறந்தார் என்னும் செய்தி வந்தது. பேசிய மணத்தையே மணமெனக் கொண்ட அவ்விளம்பெண், தாமும் அவர் சென்ற வழியே செல்வதென்று துணிந்தார்.

அப்பொழுது அவர் தம்பியார் மருணீக்கியார் தமக்கையின் திருவடிகளில் வீழ்ந்தார். 'அன்னையும் அத்தனும் அகன்ற பின்னர் நும்மையே அவர்களாகக் கருதி உயிர் தாங்கி நிற்கின்றேன். நீர் போவீராயின் நான் உமக்கு முன்னே போவேன்' என்னும் கருத்துப்பட அழுதார். அவர் அறநூல் எதனையும் எடுத்துக்காட்டவில்லை. நரகம் உண்டென்று அச்சுறுத்தவும் இல்லை. 'நீ எனக்கு வேண்டும்' என்பதொன்றையே சொன்னார். அச்சொல் திலகவதியாரை நிறுத்தியது. தம்பி வாழவேண்டும் என்னும் கருணையால் தாம் வாழ ஒருப்பட்டார். பொன் அணியாது, எவ்வுயிர்க்கும் அருள் பூண்டு மனையிலிருந்தே தவம் செய்தார்.

அத்தம்பியார் பின்னர்ச் சமணம் சார்ந்து தருமசேனர் எனப் பெயர் பெற்றதும், சூலைநோய் அவரை வருத்தியதும் அன்பர்கள் அறிந்தவையே. நோய் பொறுக்கலாற்றாத நிலையில் அவர் என் செய்தார்? தமக்கைக்கு ஆள் அனுப்பினார். இரவோடிரவாக எழுந்து திருவதிகைக்கு நடந்து வந்து தமக்கையின் அடி வீழ்ந்தார். திலகவதியார், 'சமயம் மாறிச் சென்றவன் ஏன் வந்தாய்' என்று கேட்கவில்லை. திருநீறு அளித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். திருநாவுக்கரசர் என நாம் போற்றும் பெருமான் எண்பத்தோர் ஆண்டு வாழ்ந்தார் என்பது மரபு. முன்னொரு நாள் தம்பி தமக்கையை நிறுத்தினார். பின்னொரு நாள் தமக்கை தம்பியைத் தாங்கினார். அன்று திலகவதியார் நின்றிராவிடின் தமிழுலகுக்கு அப்பர் தேவாரம் ஏது?

பிழைத்தவர் கை பிறரைக் காத்தது

பெரியபுராணத்தில் வெளிப்படையாகவே இவ்வினையைப் பேசும் வரலாறு ஏயர்கோன் கலிக்காம நாயனாருடையது. நம்பியாரூரர் பரவையார் ஊடலைத் தீர்க்கச் சிவபெருமானையே தூதனுப்பினார் என்று கேட்ட கலிக்காமர், அவர்மேல் தீராச் சினங்கொண்டார். இருவரையும் இணைக்கத் திருவுளங்கொண்ட இறைவன் அவர்க்குச் சூலைநோயைத் தந்து, அதனை நம்பியாரூரரே தீர்ப்பார் என அருளினார். தாம் வெறுப்பவர் கையால் நலம் பெறுதலினும் சாதல் நன்று என எண்ணிய கலிக்காமர், அவர் வருமுன் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதன்பின் அவ்வீட்டில் நிகழ்ந்தது நெஞ்சை உருக்குவது. நம்பியாரூரர் வருகின்றார் எனக் கேட்ட மனைவியார், எவரும் அழலாகாது எனத் தடுத்து, துயரை மறைத்து, விளக்கேற்றி வரவேற்கச் செய்தார். எத்துணை இல்லங்களில் இன்றும் இதுவே நிகழ்கிறது! அழுகையை அடக்கி, ஊரார்க்கு வேறு காரணம் சொல்லி, உள்ளே வெந்து நிற்கும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையோ? நம்பியாரூரர் வற்புறுத்தி உள்ளே சென்று உண்மையைக் கண்டார். தாமும் அவ்வழியே செல்வதென வாளைப் பற்றினார். ஒரு சாவு மற்றொரு சாவை அழைக்கும் கொடுமையைச் சேக்கிழார் எவ்வளவு நுட்பமாக உணர்ந்திருக்கிறார்! நண்பன் ஒருவன் இவ்வாறு மறைந்தபின், அவன் தோழர்களைக் கண்ணிமை போல் காக்கவேண்டும் என இக்காலத்து மருத்துவர்கள் கூறுவதும் இதனாலேயாம்.

அப்பொழுது இறையருளால் உயிர்பெற்றெழுந்த கலிக்காமர், விரைந்து நம்பியாரூரர் கையிலிருந்த வாளைப் பற்றித் தடுத்தார். இங்கே இறைவன் கை நிலத்தினின்று எழவில்லை, பாறையினின்றும் நீளவில்லை என்பதைக் காண்க. சற்றுமுன் தாமே உயிரை வெறுத்த மனிதர் ஒருவரின் கையே ஈண்டுத் திருக்கரம் ஆயிற்று. அன்று முதல் இருவரும் பிரியா நண்பராயினர். அத்துன்பத்தின் ஆழத்தைத் தொட்டு மீண்டவரே மற்றொருவரைத் தடுக்க மிகவும் வல்லவர் என்பது இவ்வரலாறு தரும் பாடம். முயன்று பிழைத்த இளையோரை இழிவாகப் பேசுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நம்பியாரூரர் வாழ்ந்தது பதினெட்டு ஆண்டே என்பது மரபு. இரு கண்ணும் ஒளியிழந்த காலத்தும் அவர் உயிரை வெறுக்கவில்லை, இறைவனோடு வழக்காடினார். கோல் ஊன்றி ஊர் ஊராகச் சென்று, தோழன் என்னும் உரிமையோடு கடிந்து பாடினார். இறைவன் அதனைப் பிழையாகக் கொள்ளவில்லை; காஞ்சியில் ஒரு கண்ணையும் ஆரூரில் மறு கண்ணையும் அளித்தான். கடவுளிடம் சினந்து பேசுதல் நாத்திகம் என்று இளையோர் வாயை நாம் அடைத்தால், வன்றொண்டர் வழியை அடைத்தவர் ஆவோம்.

திருப்பெருந்துறையில் நின்றவர்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். அறந்தாங்கிக்கு அருகே ஆவுடையார்கோயில் என வழங்கும் திருப்பெருந்துறையில், பாண்டியன் அமைச்சராய்க் குதிரை வாங்க வந்த வாதவூரர், குருந்தமரத்தடியில் குருவடிவில் எழுந்தருளிய இறைவனைக் கண்டு ஆட்கொள்ளப்பட்டார். வாதவூரர் வாழ்ந்தது முப்பத்திரண்டு ஆண்டு என்பர். அவ்விளமையில் அவர் கண்ட இன்பம் நெடிது நிலைக்கவில்லை. குருநாதர் தம் அடியார் கூட்டத்தோடு மறைந்தருளினார். உடன் சென்ற அடியார் அருள்பெற்றதையும், சென்று சேரமாட்டாதார் சிலர் எரியில் பாய்ந்ததையும், சிலர் மயங்கி நிலத்தில் புரண்டதையும், தம்மை மட்டும் தில்லைப் பொதுவுக்கு வருக எனப் பணித்து இவ்வுலகில் நிறுத்தியதையும் கீர்த்தித் திருவகவலில் மணிவாசகரே குறித்துள்ளார். பிறர் போயினர், அவர் நிறுத்தப்பட்டார்.

நிறுத்தப்பட்டவர் மனநிலை எவ்வாறு இருந்தது? தம்மைத் தாமே பழித்தார். பிரிவுக்குப் பின்னும் இவ்வுடல் கிடக்கின்றதே என நொந்தார். பெருந்துறைச் சிவனை நோக்கிப் பாடிய செத்திலாப்பத்தும், இனி வாழகில்லேன் என்று முறையிடும் வாழாப்பத்தும் அந்நோவிலிருந்து பிறந்தவை. இன்றைய மருத்துவர் ஒருவர் இப்பதிகங்களைக் கேட்பாராயின், இவரைத் தனியே விடாதீர் என்று சொல்லக்கூடும். அத்துணை உண்மையான துயரம் அது. ஆயின் ஒன்றைக் கருதுக. அத்துயரை மணிவாசகர் விழுங்கி மறைக்கவில்லை. கேட்பவன் ஒருவன் உளன் என்னும் துணிவோடு அவனிடமே சொன்னார். சொன்னதனால் அது பாட்டாயிற்று.

திருவாசகத்தின் ஐம்பத்தொரு பகுதிகளை நம் முன்னோர் வைத்துள்ள முறையும் சிந்திக்கத்தக்கது. இருபத்து மூன்றாவது செத்திலாப்பத்து. அதனை அடுத்து நிற்பது அடைக்கலப்பத்து. இருபத்தெட்டாவது வாழாப்பத்து, அதனை அடுத்து நிற்பது அருட்பத்து. சாவை விரும்பிய பாட்டுக்குப் பின் அடைக்கலம் வருகிறது. வாழேன் என்ற பாட்டுக்குப் பின் அருள் வருகிறது. முன்னதை ஓதி நிறுத்திவிடாமல் பின்னதையும் ஓதுதல் வேண்டும். மனமுடைந்த இளையோர் அறியவேண்டுவது இதுவே: அவர்கள் நிற்பது நூலின் முடிவில் அன்று, நடுவில். அடுத்த ஏடு இன்னும் புரட்டப்படவில்லை.

அன்று அவர் நின்றதனால் என்ன விளைந்தது? உத்தரகோசமங்கையில் நீத்தல் விண்ணப்பம் பிறந்தது. திருவண்ணாமலையில் திருவெம்பாவை பிறந்தது. திருவெம்பாவை கடல் கடந்து சயாம் நாட்டு அரசவை அந்தணரின் சடங்கிலும் இடம்பெற்றது. ஆங்கில நாட்டவரான ஜி. யு. போப் தம் எண்பதாம் வயதில், 1900-ஆம் ஆண்டில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். தாம் வாழ்ந்து பயனென்ன என்று பெருந்துறையில் அழுதவர், இவையெல்லாம் தம் வாழ்வினின்று விளையும் என அன்று அறிந்திருக்க இயலுமோ?

விராலிமலை வழங்கிய பணி

நம் மாவட்டத்தின் மற்றோர் எல்லையில், மயில்கள் உலவும் விராலிமலை நிற்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர் இளமையை வீணில் கழித்து, நோயும் பழியும் உற்று, தம்மைத் தாமே வெறுத்து அண்ணாமலையில் உயிர்விடத் துணிந்தார் என்பதும், முருகப்பெருமான் தன் கையால் அவரைத் தாங்கித் தடுத்தருளினான் என்பதும் செவிவழி வரலாறு. தடுத்ததோடு பெருமான் நின்றுவிடவில்லை. பாடுக எனப் பணித்தான். வயலூரும் விராலிமலையும் அவர்க்கு வழிகாட்டப்பட்ட தலங்கள் என்பர். விராலிமலையில் அவர் பாடிய திருப்புகழ்கள் இன்றும் அச்சந்நிதியில் ஒலிக்கின்றன. இன்று நமக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 1,300 திருப்புகழ்ப் பாடல்கள்.

இவ்வரலாற்றைக் கேட்கும் இளையோர், 'நம்மையும் இறைவன் வந்து தாங்குவான்' என எண்ணி அவனைச் சோதிக்க முற்படுதல் பெரும்பிழை. அருணகிரியார் வரலாறு சொல்வது அதுவன்று. உயிரை வெறுத்த பொழுது நிலையானதன்று; அது கடந்துபோகும்; கடந்தபின் செய்யவேண்டிய பணி காத்திருக்கிறது என்பதே அதன் பொருள். இலங்கைத் தீவின் அனுபவமும் இதற்குச் சான்றாகும். 1990-களில் உலகிலேயே தற்கொலை மிக்க நாடுகளுள் ஒன்றாய் இருந்தது இலங்கை. கொடிய நச்சுத்தன்மையுடைய பூச்சிமருந்துகளை அந்நாட்டரசு ஒவ்வொன்றாய்த் தடைசெய்த பின்னர், அவ்வெண்ணிக்கை பெரிதும் குறைந்தது. மக்களின் துயரம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அக்கொடும்பொழுதைக் கடக்க வழி கிடைத்ததும் பல்லாயிரவர் பிழைத்து வாழ்ந்தனர். வேளாண்மை மிக்க நம் ஊர்களில் இத்தகைய பொருள்களை எவரும் எளிதில் எடுக்கவொண்ணாதபடி பூட்டி வைத்தல் ஒவ்வொரு வீட்டாரின் கடமையாம்.

நம் கை செய்யவேண்டுவது

பெருந்துறை ஆலயத்தின் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை; ஆவுடை மட்டுமே உண்டு. ஆத்மநாதர் அங்கு அருவமாய் விளங்குகிறார். வடித்த சோற்றின் ஆவியே அவர்க்கு நிவேதனம். உலாவரும் திருமேனியோ மணிவாசகருடையது. இறைவன் அருவமாயின், தடுக்கும் கை எங்குளது? அடியவரே அவன் கை. குருந்தமரத்தடியிலும் அவன் மனித வடிவில் அன்றோ வந்தான்? மருணீக்கியார் அழுகையிலும் கலிக்காமர் பிடியிலும் நின்றது அக்கையே. நம் வீட்டிலும் தெருவிலும் அது நம் கையாக இருத்தல் வேண்டும்.

தேர்வில் தவறிய மகனிடம், 'உன்னால் குடும்பத்துக்குத் தலைகுனிவு' என்று சொல்லாதிருப்போம். மாநில அளவில் முதன்மை பெற்ற மாணாக்கர் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசே 2017-இல் கைவிட்டது. அவ்வழக்கத்தை நாம் வீட்டுக்குள் தொடரவேண்டா. காதலில் மனம் நொந்த மகளிடம் குலப்பெருமை பேசாதிருப்போம். பேச்சு குறைந்து, உறக்கம் கெட்டு, தாம் விரும்பிய பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிட்டு, 'நான் இருந்தென்ன' என்பவரைக் கண்டால், அருகே அமர்ந்து, 'உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா' என்றே கேட்கலாம். அவ்வாறு கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் முளைத்துவிடாது. நெஞ்சின் பாரம் இறங்கவே வழி பிறக்கும். விடை ஆம் எனின் அவரைத் தனியே விடலாகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் இழிவில்லை. நடுவண் அரசு 2022-இல் தொடங்கிய மனநலத் தொலைபேசி எண் 14416. தமிழ்நாட்டரசின் மருத்துவ உதவி எண் 104. சென்னைச் சினேகாவின் எண் 044-24640050. திருநீற்றுப் பையில் இவ்வெண்கள் எழுதிய சீட்டொன்று இருத்தல் நன்று.

இவ்வாறு மகவை இழந்த வீட்டுக்குச் செல்லுங்கால், ஆவி, பேய், தீக்கதி என்னும் பேச்சை எடுத்தல் அடியார்க்கு அழகன்று. இறந்த உயிர் இறைவன் கருணைக்கு உரியது; இருக்கும் உயிர்கள் நம் கருணைக்கு உரியவை. கலிக்காமர் மனைவியார் அழுகையை அடக்க நேர்ந்தது போல் இனியொரு தாய்க்கு நேராதிருக்க, அவர்களோடு அமர்ந்து அழுவோம். அவர்களை விழாவுக்கு அழைப்போம். அவர்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுவோம்.

இளையோரே! உங்கட்கு ஒரு சொல். மார்கழி விடியலில் திருவெம்பாவை ஓதிக்கொண்டு வீதிவலம் வருகிறீர்கள். அப்பாட்டில் வரும் பெண்கள் தாம் மட்டும் நீராடச் சென்றுவிடவில்லை. ஒவ்வொரு தோழியின் வாயிலிலும் நின்றார்கள், அழைத்தார்கள், மறுமொழி வரவில்லையெனச் சினந்து போய்விடாமல் மீண்டும் அழைத்தார்கள். உங்கள் கூட்டத்தில் சிலநாள் வாராதிருக்கும் ஒருவன் இருப்பான். வகுப்பில் ஒதுங்கி அமரும் ஒருத்தி இருப்பாள். அவர்தம் வாயிலில் போய் நின்று பெயர்சொல்லி அழையுங்கள். அக்கதவின் உள்ளே இருப்பவர் நீங்களேயாயின், மெல்லத் தாழ் நீக்கி ஒரு குரல் கொடுங்கள். கேட்க ஆள் உண்டு.

திருச்சிற்றம்பலம்.